ஆர்க்கிட்டுக்குத் தண்ணீரைவிடக் காற்று முக்கியம்

கிரகப்பிரவேசம், நிச்சயதார்த்தம், பணி ஓய்வு விழா என்று எல்லாவற்றுக்கும் இப்போது ஆர்க்கிட் செடி பரிசாக வருகிறது. வெள்ளைப் பீங்கான் தொட்டி, அதைச் சுற்றிப் பொன்னிற நாடா, வளைந்த தண்டில் வரிசையாகப் பூக்கள். இரண்டு மூன்று மாதம் வாடாமல் நிற்கும். பிறகு ஒவ்வொன்றாக உதிரும். அடுத்து இலைகள் தொய்ந்து சுருங்கும். அதைப் பார்த்ததும் செடி செத்துவிட்டது என்று குப்பையில் போட்டுவிடுகிறார்கள். அப்படிப் போடப்படும் செடிகளில் பலவற்றுக்கு இன்னும் உயிர் இருக்கிறது. ஒரு மணி நேர வேலையும் ஆறேழு மாதப் பொறுமையும் இருந்தால் அவை பிழைத்துக்கொள்ளும். வீட்டுக்காரர்கள் அலட்சியமாக இருப்பதால் அவை சாவதில்லை. நம் ஊரில் ஆர்க்கிட் விற்கப்படும் விதம்தான் அவற்றைச் சாகடிக்கிறது என்பது என் கருத்து.

பள்ளியில் தாவரவியல் நடத்தி ஓய்வுபெற்றவள் நான். தாம்பரம் பக்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். அக்கம்பக்கத்தில் யாருக்காவது ஆர்க்கிட் வாடினால் என் வீட்டுக்குத்தான் வரும். "டீச்சர், இது போயிடுச்சா, இன்னும் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே கொண்டுவருவார்கள். கையில் இருக்கும் தொட்டியைச் சாய்த்துப் பார்ப்பேன். அடியில் ஓட்டை இருக்காது. உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் கிண்ணம், அதற்குள் இறுக்கித் திணித்த பாசி, பிழிந்தால் ஒழுகும் அளவுக்கு ஈரம். அவர்கள் சொல்வதும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: "தண்ணி மட்டும் ஒரு நாள்கூட விட்டதில்லை டீச்சர்."

அங்கேதான் சிக்கல். பதினோராம் வகுப்புப் பாடத்தில் தொற்றுத் தாவரம் என்று படித்திருப்பீர்கள். வாண்டா, டென்ட்ரோபியம் என்று உதாரணமும் எழுதியிருப்பீர்கள். பரிசாக வரும் பெரிய பூ ஆர்க்கிட்டின் பெயர் ஃபலனாப்சிஸ். அதுவும் அந்தக் கூட்டம்தான். தென்கிழக்கு ஆசியக் காடுகளில் மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு வளர்வது. அதன் வேர் மண்ணைப் பார்த்ததே கிடையாது. வேரைச் சுற்றி வெலமன் என்று பஞ்சுபோல ஓர் உறை இருக்கிறது. மழை அடித்ததும் அது தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு பச்சையாகும். மழை ஓய்ந்து காற்று வீசினால் சில மணி நேரத்தில் காய்ந்து வெள்ளி நிறத்துக்குத் திரும்பிவிடும். நனைவதும் காய்வதும் மாறிமாறி நடப்பதுதான் அந்த வேரின் வாழ்க்கை. அதைக் கொண்டுபோய் ஓட்டையில்லாத தொட்டியில் நாள்முழுக்க ஈரத்தில் அமுக்கி வைத்தால் வேருக்கு மூச்சு முட்டுகிறது. அழுகல் பூஞ்சைக்கு அதைவிடத் தோதான இடம் கிடையாது.

வேர் அழுகிய பிறகு நடப்பதுதான் கொடுமை. வேர் இல்லாத செடியால் தண்ணீரை எடுக்க முடியாது. இலையில் சேர்த்துவைத்திருந்த நீரைச் செலவழிக்கத் தொடங்கும். ஃபலனாப்சிஸுக்கு மற்ற சில ஆர்க்கிட்களைப் போலத் தடித்த தண்டு கிடையாது. அந்தக் கனத்த இலைதான் அதன் சேமிப்பு. இலை சுருங்குகிறது. அதைப் பார்க்கிற யாரும் செடிக்குத் தாகம் என்றுதான் நினைப்பார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் அந்தத் தாகத்தைத் தொட்டியில் தண்ணீர் ஊற்றித் தீர்க்க முடியாது. எங்கள் கீழ்த்தளத்துப் பெண் ஒரு செடியைக் கொண்டுவந்து சொன்னாள்: "மொதல்ல தினமும் ரெண்டு ஸ்பூன் ஊத்துனேன் டீச்சர். இலை சுருங்குதேன்னு அப்புறம் அரை டம்ளர் ஊத்துனேன்." அக்கறைதான் அவளை ஊற்றவைத்தது. அவளுக்கு இதைவிட நல்ல தகவலை யாரும் கொடுக்கவில்லை.

அந்தச் செடியை என்ன செய்தோம் என்று சொல்கிறேன். இதே வேலையை எந்த வீட்டிலும் செய்யலாம்.

முதலில் செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து வேர்ப்பகுதியை ஒரு வாளித் தண்ணீரில் சற்று நேரம் மூழ்கவைத்தோம். பாசி இளகியது. விரலால் மெதுவாகப் பிரித்துக்கொண்டே போனால் நடுவில், தண்டின் அடியை ஒட்டி, கெட்டியாக ஓர் உருண்டை அகப்பட்டது. செடி குழந்தையாக இருந்தபோது பண்ணையில் அதை ஒரு சிறு பொதியில் நட்டிருப்பார்கள். அப்புறம் பெரிய தொட்டிக்கு மாற்றும்போது அந்தப் பொதியை எடுப்பதில்லை, அப்படியே உள்ளே விட்டு மேலே பாசியைச் சுற்றிவிடுவார்கள். வெளியே எல்லாம் காய்ந்த பிறகும் நடுவில் அது ஈரமாகவே இருக்கும். அழுகல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. இடுக்கியால் கிள்ளிக்கிள்ளி அதை முழுதாக எடுத்தோம். கடையில் ஆர்க்கிட் வாங்குகிற யாருக்கும் இந்த உருண்டையைப் பற்றிச் சொல்லப்படுவதில்லை. செடி வாங்கிப் பூ உதிர்ந்ததும் செய்ய வேண்டிய ஒரே வேலை எது என்று கேட்டால், இதைத்தான் சொல்வேன்.

பிறகு ஒவ்வொரு வேரையும் இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தோம். கெட்டியாக இருந்தால் உயிருள்ள வேர். நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. பாசிக்குள் வெளிச்சம் படாமல் கிடந்த நல்ல வேர் பழுப்பாகவே இருக்கும். அழுத்தும்போது நசுங்கித் தோல் கழன்று உள்ளே நூல்போல ஒன்று மட்டும் மிஞ்சினால் அது செத்த வேர். பிளேடைத் தீயில் காட்டி, ஆறவிட்டு, செத்ததை மட்டும் வெட்டினோம். வெட்டுவாயில் பட்டைத்தூள் தொட்டுவைத்தோம். சமையலறையில் இருக்கும் அதே இலவங்கப்பட்டைதான். பூஞ்சையைத் தடுக்கும், காயத்தை உலர்த்தும். உலர்த்தும் என்பதாலேயே நல்ல வேரின் மேல் படவிடக் கூடாது. பூந்தண்டில் கடைசியாக இரண்டு பூ இருந்தது. அதையும் வெட்டச் சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு மனசே இல்லை. ஆனால் வேர் இல்லாத செடி பூவுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தால் புது வேர் விடத் தெம்பு இருக்காது. பூவைக் குவளையில் வைத்துக்கொண்டாள்.

புதுத் தொட்டிக்குப் பெரிதாகச் செலவில்லை. பக்கவாட்டில் ஓட்டை வைத்த சிறிய மண்தொட்டி, உடைந்த ஓட்டுத் துண்டுகள், மரக்கரி, இரண்டு மூன்று நாள் ஊறவைத்துத் தண்ணீரை மாற்றிமாற்றி உப்பு நீக்கிய தேங்காய் மட்டைத் துண்டுகள். தேங்காய் மட்டை ஈரத்தைப் பிடித்துவைக்கும் என்பதால் சென்னைப் பக்கத்துக்குக் கரியையும் ஓட்டையும் தூக்கலாகப் போடுவது நல்லது. மண் ஒரு பிடிகூடக் கூடாது. தொட்டி பெரிதாக இருந்தால் செடி சீக்கிரம் வளரும் என்று எண்ணுகிறார்கள். ஆர்க்கிட்டுக்கு அது ஆகாது. வேர் அடங்கும் அளவே போதும். பெரிய தொட்டியில் ஈரம் காய வெகுநேரமாகும்.

வேர் ஒன்றுகூட மிஞ்சாத செடிக்கு வைத்தியம் வேறு. அதைத் தொட்டியில் நட்டுப் பயனில்லை. லேசாக ஈரமுள்ள பாசியை ஒரு கண்ணாடி டப்பாவின் அடியில் பரப்பி, செடியின் அடிப்பாகம் அதில் படாமல் சற்று மேலே நிற்கும்படி வைத்து, மூடியை அரைகுறையாக மூடி, நிழலான வெளிச்சத்தில் வைக்க வேண்டும். தினமும் சற்று நேரம் திறந்து காற்றாட விட வேண்டும். உள்ளே காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் இலை தன் நீரை இழப்பது குறையும். அந்த அவகாசத்தில் புது வேர் முனை எட்டிப்பார்க்கும். இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். அந்த நாள்களில் உரம் போடவே கூடாது. எடுத்துக்கொள்ள வேர் இல்லாதபோது உரம் வெறும் உப்பாகத்தான் அங்கே தங்கும். இந்த நிலையில் எல்லாச் செடியும் பிழைக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நடுக்குருத்து கறுத்து இழுத்தால் கையோடு வந்துவிட்டால் பெரும்பாலும் அதோடு சரி. குருத்து கெட்டியாக இருந்தால் விட்டுவிடாதீர்கள்.

கீழ்த்தளத்துச் செடிக்கு மூன்று வேர் தேறியது. கிழக்குப் பார்த்த பால்கனியில், காலை வெயில் சற்று நேரம் மட்டும் படுகிற இடத்தில் வைத்தாள். வேர் வெள்ளியாக மாறினால் தண்ணீர், பச்சையாக இருந்தால் காத்திரு. இதைத் தவிர அவளுக்கு நான் வேறு கணக்குச் சொல்லவில்லை. காலையில்தான் ஊற்ற வேண்டும், குருத்தில் நீர் தங்கக் கூடாது என்று மட்டும் சேர்த்துச் சொன்னேன். குருத்தில் தேங்கிய நீர் இரவு முழுக்க நின்றால் அழுகல் வரும். அழகுக்காக இலைமேல் தெளிப்பானால் பீய்ச்சுகிறார்களே, அந்தப் பழக்கத்தை விட்டுவிடலாம். பல மாதம் கழித்து அடியிலிருந்து பச்சை முனையோடு புது வேர் கிளம்பியது. அதற்குப் பிறகுதான் 19:19:19 உரத்தை லிட்டருக்கு அரை கிராம் கரைத்து மாதம் இருமுறை கொடுக்கத் தொடங்கினாள். சுருங்கிய பழைய இலைகள் நிமிரவே இல்லை, அவை நிமிராது. புதிதாக வந்த இலை விறைப்பாக இருந்தது. செடி பிழைத்ததா என்பதைப் பழைய இலையை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

தண்ணீரின் குணமும் முக்கியம். எங்கள் பகுதியில் ஆழ்குழாய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் கரித்துண்டின் மேல் வெள்ளையாக உப்புப் பூக்கும், வேர் நுனி கருகும். மழை நீர்தான் ஆர்க்கிட்டுக்கு முதல் தரம். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரிலும் உப்பு இல்லை. வாளியில் பிடித்து ஊற்றலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மட்டும் செடியை உள்பக்கம் நகர்த்திவிட வேண்டும். நாள்கணக்கில் நனைந்துகொண்டே இருப்பதற்கும் ஓட்டையில்லாத தொட்டிக்கும் வித்தியாசம் இல்லை.

காற்று இல்லாமல் ஆர்க்கிட்டைக் கொல்வது நம் காலத்துக் கண்டுபிடிப்பு அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்துச் செல்வந்தர்கள் வெப்பமண்டல ஆர்க்கிட்களைக் கப்பல்கப்பலாக இறக்கி, நிலக்கரி எரித்துச் சூடேற்றிய, காற்றுப் புகாத கண்ணாடி வீடுகளில் அடைத்து வைத்தார்கள். வெப்ப நாட்டுச் செடி என்றால் புழுக்கமும் ஈரமும்தான் தேவை என்று நம்பினார்கள். செடிகள் குவியல்குவியலாகச் செத்தன. சாட்ஸ்வொர்த் மாளிகையின் தலைமைத் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன் 1830களில் அந்த நம்பிக்கையை மாற்றினார். கண்ணாடி வீட்டில் காற்றோட்டம் கொடுத்தார், எல்லாச் செடிக்கும் ஒரே சூடு என்பதைக் கைவிட்டார், செடிகள் நிலைத்தன. அவருடைய எசமானரான டெவன்ஷயர் கோமகன் 1835இல் ஜான் கிப்சன் என்ற இளம் தோட்டக்காரரை இந்தியாவுக்கு அனுப்பி, காசி மலைகளிலிருந்து ஆர்க்கிட்களை எடுத்துவரச் செய்தார். நம் மலையிலிருந்து போன செடிகளை அங்கே பிழைக்கவைத்த அறிவு அது. நமக்கோ காற்றும் வெப்பமும் வாசலிலேயே இருக்கின்றன. நாம் செடியைக் குளிரூட்டிய வரவேற்பறையில், பீங்கானுக்குள் வைக்கிறோம்.

விற்பவர்களிடம் எனக்குச் சில கோரிக்கைகள் இருக்கின்றன. ஓட்டையில்லாத தொட்டியில் ஆர்க்கிட்டை விற்காதீர்கள். பீங்கான்தான் வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டால், உள்ளே இருக்கும் ஓட்டைத் தொட்டியை வெளியே எடுத்துத்தான் தண்ணீர் விட வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில் தமிழில் எழுதி வையுங்கள். செடியின் பெயரை எழுதுங்கள். 'ஆர்க்கிட்' என்று மட்டும் எழுதினால் எதுவும் தெரியாது. ஃபலனாப்சிஸுக்கு நிழல் வேண்டும், வாண்டாவுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். பெயர் தெரியாமல் வாங்குகிறவர் எப்படி வளர்ப்பார்? பூ உதிர்ந்ததும் பாசியை மாற்ற வேண்டும் என்பதையும் விற்கும்போதே சொல்ல வேண்டும். வாங்குபவர்கள் மறுபடி மறுபடி வாங்குவதால்தான் வியாபாரம் நடக்கிறது என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு செடி பிழைத்தவர் அடுத்து நாலு செடி வாங்குவார். ஒன்று செத்தவர், "நம்ம கைக்கு இது வராது" என்று அந்தப் பக்கமே திரும்புவதில்லை.

பரிசு கொடுப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வெப்பநிலை தொடர்ந்து 28 டிகிரிக்கு மேலேயே இருந்தால் ஃபலனாப்சிஸ் பூந்தண்டு விடுவதில்லை; சில வாரங்களாவது அதற்குக் கீழே இறங்க வேண்டும். பெங்களூரிலோ ஏற்காட்டிலோ அது தானாக நடக்கும். சென்னையில் மார்கழியும் தையும்தான் வாய்ப்பு, அதுவும் திறந்த பால்கனியில் இரவுக் குளிர் பட்டால்தான். சமவெளியில் இருப்பவருக்கு டென்ட்ரோபியம் கொடுங்கள். அது நம் வெயிலைத் தாங்கும், தண்டில் தண்ணீர் சேர்த்துவைத்துக்கொள்ளும், பழைய தண்டின் கணுவில் கன்றும் விடும். அந்தக் கன்றைப் பிரித்து இன்னொருவருக்குக் கொடுக்கலாம்.

இன்னும் உள்ளே போனால், நமக்கே சொந்தமான ஆர்க்கிட்கள் இருக்கின்றன. இந்தியத் தாவரவியல் ஆய்வகம் 2019இல் வெளியிட்ட நூலின்படி நாட்டில் 1,256 ஆர்க்கிட் இனங்கள் உள்ளன. 750க்கும் மேற்பட்டவை மரத்தில் தொற்றி வாழ்பவை. அந்த நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம் நம் ஏற்காட்டிலேயே இருக்கிறது. வாண்டா டெசலாட்டா என்ற இனம் சமவெளி மாமரங்களிலேயே வளரும். பழுப்புக் கட்டம் போட்ட இதழும் நீலம் கலந்த உதடுமாக, மணம் வீசும் பூ. தோப்புக்காரர்கள் பலர் அதைப் புல்லுருவி என்று எண்ணிச் சுரண்டி எறிகிறார்கள். புல்லுருவி மரத்துக்குள் வேர்விட்டுச் சாற்றை உறிஞ்சும். ஆர்க்கிட் பட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதே தவிர, மரத்திடமிருந்து எதையும் எடுப்பதில்லை. மாமரத்தில் இருப்பதை அங்கேயே விடுங்கள். மலைப்பாதை ஓரத்தில் காட்டு ஆர்க்கிட் என்று விற்றால் வாங்காதீர்கள். நீல வாண்டா, சிவப்பு வாண்டா, செருப்பு ஆர்க்கிட்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. சட்டப் பட்டியலில் இல்லாத இனமானாலும் காட்டிலிருந்து பிடுங்கியது பால்கனியில் பெரும்பாலும் நிலைக்காது.

கடையில் வாங்கும் செடி காட்டிலிருந்து வராமல் இருப்பதற்கே ஒரு நூற்றாண்டு உழைப்பு இருக்கிறது. ஆர்க்கிட் விதை தூசி போன்றது. முளைக்கத் தேவையான உணவுச் சேமிப்பு அதில் இல்லை. இயற்கையில் ஒரு பூஞ்சை வந்து ஊட்டினால்தான் அது முளைக்கும் என்பதை 1899இல் பிரான்ஸின் நோயல் பெர்னார் கண்டார். அந்தப் பூஞ்சை இல்லாமலேயே சர்க்கரை கலந்த கூழில் முளைக்கவைக்க முடியும் என்று 1922இல் அமெரிக்காவின் லூயிஸ் நட்சன் காட்டினார். அதன் பிறகுதான் ஆய்வகக் குடுவைகளில் ஆயிரக்கணக்கில் வளர்க்க முடிந்தது, விலையும் இறங்கியது. அப்படியும் குடுவையை விட்டு வெளியே வந்த ஃபலனாப்சிஸ் முதல் பூ பூக்க ஏறக்குறைய இரண்டு ஆண்டு பிடிக்கிறது. ஒழுங்காக வைத்தால் பல ஆண்டு வாழக்கூடியது. அதை ஒரு பூவின் ஆயுளுக்கு மட்டும் வாங்குவது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

பூ உதிர்ந்த செடியைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டை நம் நர்சரிகள் தொடங்க வேண்டும் என்று கேட்கிறேன். அவர்களிடம் நிழல்வலை இருக்கிறது, கைதேர்ந்த ஆட்கள் இருக்கிறார்கள். வளர்க்க இடமோ நேரமோ இல்லாதவர் செடியைக் கொண்டுவந்து கொடுத்தால், அடுத்த செடியின் விலையில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளட்டும். தேறிய செடியை மறுபடி விற்கலாம். அதுவரை குடியிருப்போர் சங்கங்கள் ஒரு சிறிய வேலை செய்யலாம்: வெயில் நேராகப் படாத, காற்று வரும் ஒரு மூலையில் கம்பிக் கொக்கிகள் அடித்து, "ஆர்க்கிட்டை இங்கே மாட்டுங்கள்" என்று ஒரு பலகை வைத்தால் போதும். எங்கள் குடியிருப்பில் மாடிப்படி ஜன்னல் ஓரத்தில் அப்படி ஓர் இடம் கேட்டு மனு கொடுத்திருக்கிறேன். அடுத்த பொதுக்குழுவில் அது விவாதத்துக்கு வருகிறது.